மருந்தில்லாத மாத்திரை வந்த வழி

ரத்த அழுத்தத்துக்குத் தினமும் போடும் 5 மில்லிகிராம் அம்லோடிபின் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதில் மருந்து என்பது ஒரு துளிதான். மற்றதெல்லாம் கையில் எடுக்கவும் விழுங்கவும் வசதியாகச் சேர்த்த நிரப்புப் பொருள்: செல்லுலோஸ் தூள், கால்சியம் உப்பு, கொஞ்சம் மாவு, அச்சில் ஒட்டாமல் இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட். வேறு பல மாத்திரைகளில் பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கும். அந்தத் துளி மருந்தை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அதே அச்சில் போட்டு அழுத்தினால் வருவதுதான் மருந்தில்லாத மாத்திரை. டாக்டர்கள் பிளாசிபோ என்பார்கள். தமிழில் மருந்துப்போலி என்று எழுதுகிறோம்.

செய்வதற்குச் சுலபம் என்று தோன்றும். ஆனால் அசல் மருந்து கசந்தால் இதுவும் கசக்க வேண்டும். நிறம், எடை, வாசனை, மேல் பூச்சின் வழுவழுப்பு, உடைத்தால் உள்ளே தெரியும் வெண்மை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். புது மருந்தைச் சோதிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில் போகும். பாட்டிலின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணில் எது என்ற பட்டியல் பூட்டிய இடத்தில் இருக்கும். கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது, வாங்கும் நோயாளிக்கும் தெரியாது. மருந்துக்கடையில் பொதுவாக இது கிடைக்காது. ஆனால் நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் பல மாத்திரைகள் இதோடு போட்டியிட்டு ஜெயித்த பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தன.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு வருவதற்கு முன்னால் இது ரொட்டித் துண்டாக இருந்தது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் ரொட்டியின் மெதுவான பகுதியைக் கிள்ளி, உருட்டி, காயவைத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். 1807-இல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், காஸ்பர் விஸ்டார் என்ற மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த டாக்டர்களில் ஒருவர், மற்ற எல்லா மருந்தையும் சேர்த்தால் வரும் அளவைவிட ரொட்டி மாத்திரை, சாயம் கலந்த தண்ணீர், மரச்சாம்பல் பொடி ஆகியவற்றைத்தான் அதிகம் கொடுத்ததாகத் தன்னிடம் சொன்னார் என்று அதில் குறிப்பிட்டார். ஜெஃபர்சன் அதை நல்லெண்ணத்தில் செய்யும் ஏமாற்று என்றே கருதினார்.

அந்தக் காலத்து மருந்துப் பெட்டியில் வேறு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதரசம் கலந்த கலோமல் இருந்தது. பல் ஆடி விழும்வரை கொடுத்தார்கள். ரத்தக்குழாயை வெட்டிக் கிண்ணம் கிண்ணமாக ரத்தம் எடுத்தார்கள். வாந்தி எடுக்கவைக்க ஒரு மருந்து, பேதியாக்க ஒரு மருந்து. இவற்றுக்கு நடுவே எந்தக் கெடுதலும் செய்யாத ஒரே பண்டம் ரொட்டி மாத்திரைதான். அதை வாங்கிப் போட்டவர் தன் உடம்பின் தயவில் தேறினார். பாதரசம் சாப்பிட்டவருக்கு அந்த வாய்ப்பும் குறைந்தது. பொய் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற குறை இருக்கிறது, ஆனாலும் அந்தப் பெட்டியில் இருந்தவற்றுள் அதுவே நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆறுதல் சொல்லப் பிறந்த இது சாட்சி சொல்லும் வேலைக்கு மாறிய இடம் இங்கிலாந்தின் பாத் நகரம். ஆண்டு 1799.

எலிஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் இரண்டு உலோகக் கம்பிகளுக்கு 1796-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். விரல் நீளம்தான். ஒன்று பித்தளை நிறம், இன்னொன்று இரும்பு நிறம். ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். வலிக்கும் இடத்தில் வைத்து இழுத்தால் நோயை ஈர்த்து எடுத்துவிடும் என்றார். லண்டனில் அவருடைய மகன் ஒரு ஜோடியை ஐந்து கினிக்கு விற்றார். உழைப்பாளிக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. வாங்கியவர்கள் வலி போய்விட்டது என்று மனதாரச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கஷ்டமான பகுதி.

ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் அதே வடிவத்தில் மரக்குச்சிகள் செய்து, உலோகம் போலச் சாயம் பூசினார். பாத் பொது மருத்துவமனையில் நாள்பட்ட மூட்டுவலியோடு படுத்திருந்த ஐந்து பேருக்கு அந்தக் குச்சிகளால் நீவினார்கள். நான்கு பேர் உடனே வலி குறைந்தது என்றார்கள். ஒருவருக்கு முழங்கால் சூடாக உணர்ந்தது, நடையும் இலேசானது. மறுநாள் அசல் உலோகக் கம்பியால் நீவியபோதும் கிட்டத்தட்ட அதே பலன். உலோகத்துக்கும் மரத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றால் வேலை செய்தது உலோகம் இல்லை. மனதின் எதிர்பார்ப்பே நோய்க்குக் காரணமாகவும் மருந்தாகவும் இருக்கக்கூடும் என்று ஹேகார்த் 1800-இல் சிறு புத்தகமாக எழுதினார். நோயாளிகளை அவர் ஏளனம் செய்யவில்லை. புகழ்பெற்ற டாக்டர் கொடுக்கும் மருந்து அதிகம் கேட்பதற்கும் இதுவே காரணம் என்று தன் தொழிலையும் அதே கண்ணால் பார்த்தார்.

இதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 1784-இல், பாரிஸில் மெஸ்மரின் காந்த சிகிச்சையைச் சோதிக்க பிரெஞ்சு அரசர் அமைத்த குழு இதே வழியைத் தொட்டிருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியேவும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மற்ற மரங்களிடம் அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். ஆனால் கையில் பிடிக்கக்கூடிய, அசலைப் போன்ற போலிப் பொருளைச் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது ஹேகார்த்தான். இன்று மருந்துத் தொழிற்சாலையில் அச்சில் விழும் ஒவ்வொரு வெற்று மாத்திரைக்கும் மூதாதை அந்த மரக்குச்சி.

பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இது இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தது. கிளினிக்கில் ஆறுதல், எப்போதாவது சோதனையில் சாட்சி. கிளினிக் வேலையை எதிர்த்து முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் பாஸ்டன் டாக்டர் ரிச்சர்ட் கபாட். தானும் ரொட்டி மாத்திரை கொடுத்துப் பழகியவர்தான். 1903-இல் அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் பொருந்தும்: ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு மருந்து உண்டு என்று நோயாளியை நம்பவைத்தது டாக்டர்களே, அப்படிப் பழக்கிவிட்டு, மருந்து கேட்கிறார்களே என்று அவர்களையே குறை சொல்வதில் நியாயமில்லை.

சாட்சி வேலைக்கு வருவோம். 1954-இல் அமெரிக்காவில் சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தடுப்பூசியும், அதே எண்ணிக்கையில் வேறு குழந்தைகள் தடுப்பூசி இல்லாத வெற்றுத் திரவமும் போட்டுக்கொண்டார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. 1955 ஏப்ரலில் பலன் உண்டு என்று அறிவித்தபோது சந்தேகப்பட இடமில்லாமல் போனதற்கு அந்த வெற்று ஊசிக் குழந்தைகள்தான் காரணம். அந்தத் தடுப்பூசியின் வரலாற்றில் சால்க்கின் பெயர் இருக்கிறது. வெற்று ஊசிக்குக் கையை நீட்டிய இரண்டு லட்சம் பேருக்கும் அதில் சம பங்கு உண்டு.

அதே 1955-இல் ஹார்வர்டின் மயக்க மருந்து நிபுணர் ஹென்றி பீச்சர் எழுதிய கட்டுரை இந்த மாத்திரைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் வேலை பார்த்தவர் அவர். மோசமாகக் காயம்பட்ட சிப்பாய்களில் பலர் வலிமருந்து வேண்டாம் என்றதை நேரில் பார்த்து, வலி என்பது காயத்தின் அளவை மட்டும் பொறுத்தது இல்லை என்று உணர்ந்தவர். பதினைந்து ஆய்வுகள், 1,082 நோயாளிகள். அவர்களில் சராசரியாக 35.2 சதவீதம் பேருக்கு வெற்று மருந்திலேயே குணம் தெரிந்தது என்று கணக்குப் போட்டார். மூன்றில் ஒருவருக்கு வெற்று மாத்திரை போதும் என்ற பேச்சு இன்றுவரை உலவுவது அந்தக் கணக்கிலிருந்துதான்.

கணக்கில் ஓட்டை இருந்தது. நாம் டாக்டரிடம் எப்போது போகிறோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது அடுத்து இறங்கத்தான் செய்யும். சளி ஒரு வாரத்தில் தானாக விடும், இடுப்புப் பிடிப்பும் பெரும்பாலும் தானாகத் தளரும். அந்த இறக்கத்துக்கு முன்னால் எதை விழுங்கினாலும் பாராட்டு அதற்குப் போய்ச் சேரும். வெற்று மாத்திரை போட்டவர்களை, எதுவுமே போடாதவர்களோடு ஒப்பிட்டால்தான் மாத்திரையின் பங்கு தெரியும். 2001-இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த ரோப்யார்ட்சனும் கோட்ஷேவும் அப்படி ஒப்பிட்ட 114 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வலி போன்று நோயாளி தானே சொல்லும் விஷயங்களில் கொஞ்சம் பலன் தெரிந்தது. கருவியால் அளக்கக்கூடிய விஷயங்களில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இந்த மாத்திரையைப் பற்றி ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். அதற்குத் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன்பே, 1975-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த மாத்திரை மாட்டிக்கொண்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த 311 பேர், ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி கேட்குமா என்று பார்க்கும் சோதனைக்கு முன்வந்தார்கள். சிலருக்கு வைட்டமின் கேப்ஸ்யூல், சிலருக்கு லாக்டோஸ் கேப்ஸ்யூல். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் சிலர் கேப்ஸ்யூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் இனிக்கும். முடிவில் வைட்டமின் போட்டவர்களுக்கு ஜலதோஷம் கொஞ்சம் சீக்கிரம் விட்டதாகத் தெரிந்தது. தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று கண்டுபிடிக்காதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஜலதோஷத்தைச் சீக்கிரம் விடவைத்தது புளிப்பில் பிறந்த நம்பிக்கை. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வு மதிப்புப் பெற்றது.

இந்த வெற்று மருந்து நம் ஊர்ப்பக்கமும் வந்திருக்கிறது. 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம், உலக சுகாதார அமைப்பின் துணையோடு, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கியது. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,60,000-க்கும் மேல். அந்த வட்டாரத்துப் பல ஊர்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கைக்குழந்தை முதல் முதியவர் வரை, வீடு வீடாகக் கணக்கெடுத்து, சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய சளியையும் மார்பு எக்ஸ்ரேயையும் தொடர்ந்து பார்த்தார்கள்.

ஏழரை ஆண்டில் வந்த முதல் கணக்கு உலகத்தையே உலுக்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பதினைந்தாம் ஆண்டு முடிவிலும் பெரியவர்களுக்கு அதே நிலை. சிறுவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு தெரிந்தது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு வகைக் கிருமிகள் முன்பே உடம்பைப் பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் தெரியாமல் போகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது, போடத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களின் காசநோயை இந்த ஒரு ஊசியால் ஒழித்துவிடலாம் என்ற நினைப்பைத் திருத்தியது செங்கல்பட்டுக் கிராமத்து மக்களின் கை. உலக மருத்துவத்தில் இவ்வளவு பெரிய உண்மையைச் சொன்ன ஊர்களில் அதற்கு ஒரு நினைவுக் கல்லாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அசல் மருந்தைவிட வெற்று மாத்திரை உயிரைக் காத்த சம்பவமும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கினால் திடீர் மரணத்தைத் தடுக்கலாம் என்று நம்பி, 1980-களில் அமெரிக்காவில் பெருமளவில் மருந்து எழுதினார்கள். ஈ.சி.ஜி.யில் பார்த்தால் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட வேண்டும் என்றபோது, பாதிப் பேருக்கு மருந்தை மறுப்பது பாவம் என்று சொன்ன டாக்டர்கள் இருந்தார்கள். ஒப்பிட்டார்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளுக்கான அந்தச் சோதனையில் 1,498 பேர் இருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர். 1989-இல் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். வெற்று மாத்திரை என்ற சாட்சி இல்லாமல் இருந்திருந்தால், இறந்தவர்களை மாரடைப்பின் கணக்கில் எழுதிவிட்டு மருந்தைத் தொடர்ந்திருப்பார்கள்.

இதே சாட்சி வேலைக்காக அநியாயமும் நடந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஏ.இசட்.டி. மருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்று 1994-இல் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க நாடுகளிலும் தாய்லாந்திலும் கர்ப்பிணிகளில் ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை கொடுத்துச் சோதனை நடத்தினார்கள். குறைந்த நாள், குறைந்த செலவில் மருந்து வேலை செய்யுமா என்று விரைவாகத் தெரிய வேறு வழியில்லை என்றார்கள். பணக்கார நாட்டில் அதே சோதனையைச் செய்ய முடியுமா என்று 1997-இல் பீட்டர் லூரியும் சிட்னி உல்ஃபும் கேட்டார்கள். 1998-இல் தாய்லாந்து முடிவு வந்ததும் வெற்று மாத்திரை நிறுத்தப்பட்டது. அந்த முடிவு மலிவான சிகிச்சைக்கு வழி காட்டியது உண்மை. பலன் தெரிந்த மருந்து இருக்கும்போது ஒரு தாயின் கையில் வெற்று மாத்திரையை வைப்பது சரியில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது கனமானது என்று கேட்டால் நான் தாயின் பக்கம்தான் நிற்பேன்.

உடம்புக்குள் போன பிறகு இது என்ன செய்கிறது என்பது 1978 வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு வலிமருந்து என்று வெற்று ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி திரும்பி வந்தது. நலோக்சோன் மார்ஃபீனின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஆக, வெற்று ஊசியை நம்பியவரின் மூளை மார்ஃபீன் போன்ற பொருளைத் தானே சுரந்திருக்கிறது. 2001-இல் வான்கூவரில் பார்கின்சன் நோயாளிகளை ஸ்கேன் செய்தபோது, வெற்று மருந்துக்குப் பிறகு மூளையில் டோபமின் சுரந்தது தெரிந்தது. வலி குறைந்தது என்று சொன்னவர் கற்பனையில் சொல்லவில்லை.

டூரின் நகரத்து ஃபாப்ரிசியோ பெனடெட்டி இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு அசல் வலிமருந்தை நோயாளி அறியாமல் கருவி வழியாகச் செலுத்தினார். அதே மருந்து, அதே அளவு. டாக்டர் வந்து, “வலி குறைய ஊசி போடுகிறேன்” என்று சொல்லிப் போட்டபோது குறைந்த அளவுக்கு, தெரியாமல் செலுத்தியபோது வலி குறையவில்லை. நம் ஊரில் கைராசிக்காரர் என்று ஒரு டாக்டரைத் தேடி நான்கு ஊர் தாண்டிப் போகிறோமே, அந்தக் கைராசியில் இப்படி அளந்து பார்க்கக்கூடிய ஒரு பங்கு இருக்கிறது. உட்காரவைத்துக் கேட்பது, தொட்டுப் பார்ப்பது, இது சரியாகிவிடும் என்று தெளிவாகச் சொல்வது எல்லாம் மருந்தோடு சேர்ந்து உடம்புக்குள் போகின்றன.

உடையலங்காரமும் இதற்கு உண்டு. 1972-இல் சின்சினாட்டி மருத்துவ மாணவர்களுக்கு இளஞ்சிவப்பு, நீலம் என இரண்டு நிறத்தில் வெற்று கேப்ஸ்யூல் கொடுத்தபோது நீலம் அதிகம் தூங்கவைத்தது. ஒன்றைவிட இரண்டு அதிகம் வேலை செய்தது. 2008-இல் 82 பேருக்கு ஒரே வெற்று மாத்திரையைக் கொடுத்து, பாதிப் பேரிடம் விலை இரண்டரை டாலர் என்றும், மீதிப் பேரிடம் பத்து சென்டுக்குக் குறைத்தது என்றும் சொன்னார்கள். லேசான மின் அதிர்ச்சியின் வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் விலை உயர்ந்த பிரிவில் 85 சதவீதம், மலிவுப் பிரிவில் 61 சதவீதம். அரசு மருத்துவமனை மாத்திரை கேட்காது, வெளியில் வாங்கியதுதான் கேட்கும் என்ற எண்ணம் எத்தனை ஏழைகளின் பணத்தைத் தின்கிறது என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நம்பிக்கை நல்லது செய்வது போல பயம் கெடுதலும் செய்யும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேரை லண்டனில் ஓராண்டு கவனித்தார்கள். சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் வெற்று மாத்திரை, சில மாதங்கள் மாத்திரையே இல்லை. உடம்பு வலி உள்ளிட்ட தொந்தரவுகளுக்கு அவர்கள் தினமும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். மாத்திரை இல்லாத மாதத்தில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதத்தில் 16.3. வெற்று மாத்திரை மாதத்தில் 15.4. தொந்தரவு நிஜம், அதில் பெரும்பங்கு மாத்திரை போடுகிறோம் என்ற பயத்திலிருந்து வந்தது. 2020-இல் வந்த இந்த முடிவை அவரவர் சொந்தக் கணக்கோடு காட்டியபோது பாதிப் பேர் மறுபடியும் ஸ்டேட்டின் போடத் தொடங்கினார்கள்.

பொய் சொல்லாமல் இதைக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி நீண்ட நாளாகவே இருந்தது. 1965-இல் பால்டிமோரில் இரண்டு மனநல மருத்துவர்கள் பதினைந்து நோயாளிகளிடம், “இது சர்க்கரை மாத்திரை, மருந்து எதுவும் இல்லை, சிலருக்கு உதவியிருக்கிறது” என்று சொல்லியே கொடுத்தார்கள். ஒருவர் விலகிக்கொண்டார், மற்றவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். அதை ஒப்பிட வேறு பிரிவு இல்லை. 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் குழு, குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை என்று பச்சையாகச் சொல்லி, தினம் இரண்டு வேளை கொடுத்தது. இன்னொரு பிரிவுக்கு மாத்திரை இல்லை, ஆனால் அதே கனிவான பேச்சு. மூன்று வாரத்தில் மாத்திரைப் பிரிவில் 59 சதவீதம் பேரும், மற்ற பிரிவில் 35 சதவீதம் பேரும் போதுமான நிம்மதி கிடைத்தது என்றார்கள். இந்த மாத்திரையின் வாழ்க்கையில் நேர்மையான ஒரு புது வேலை அங்கே தொடங்கியது.

அதே காப்சுக் பங்கேற்ற 2011 ஆய்வுதான், என் பார்வையில், இதன் எல்லையைக் காட்டியது. ஆஸ்துமா உள்ள 39 பேர். ஒவ்வொருவருக்கும் மாறி மாறி நான்கு விதம்: அசல் சால்பியூடமால் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பாசாங்கு அக்குபங்சர், எதுவும் இல்லாமல் காத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் பிறகு கருவியில் ஊதச் சொன்னார்கள். ஒரு நொடியில் வெளியேறும் காற்று அசல் இன்ஹேலரில் 20 சதவீதம் கூடியது. மருந்தில்லாத இன்ஹேலரிலும் பாசாங்கு அக்குபங்சரிலும் சும்மா காத்திருந்தபோதும் ஏறக்குறைய 7 சதவீதம்தான். பிறகு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அசல் மருந்துக்கு 50 சதவீத அளவில் நன்றாக இருக்கிறது என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45. பாசாங்கு அக்குபங்சருக்கு 46. காத்திருந்ததற்கு 21.

நெஞ்சு இலேசானதாகத் தோன்றியது, மூச்சுக்குழாயோ சும்மா காத்திருந்ததைவிட அதிகம் திறக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. வலி, களைப்பு, குமட்டல், பயம் ஆகியவற்றில் எதிர்பார்ப்புக்கு நிஜமான சக்தி உண்டு. புற்றுக்கட்டியை அது சுருக்கியதற்கோ கிருமியைக் கொன்றதற்கோ சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததற்கோ சான்று இல்லை. நல்லா இருக்கு என்று நோயாளி சொல்வதை மட்டும் வைத்து மருந்து விற்கிறவர்கள், எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார்கள்.

சர்க்கரை மாத்திரையை இன்று டாக்டர்கள் அதிகம் கொடுப்பதில்லை. 2008-இல் அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் பிளாசிபோவாகவே மருந்து எழுதுவதுண்டு என்றார்கள். அவர்கள் எழுதியது பெரும்பாலும் சாதாரண வலி மாத்திரையும் வைட்டமினும். ஒரு பகுதியினர் ஆன்டிபயாடிக்கும் எழுதினார்கள். ரொட்டி மாத்திரையால் யாருக்கும் கெடுதல் இல்லை. தேவையில்லாத ஆன்டிபயாடிக்கால் உண்டு, போடாதவர்களுக்கும் சேர்த்து. நம் கிளினிக்குகளில் “ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்” என்று கேட்பதும், கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப ஊசி போடுவதும் அதே பழக்கத்தின் கிளைகள்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஊசிக்குச் செலவிடும் நேரத்தைப் பேச்சுக்குக் கொடுங்கள், அதற்குப் பலன் உண்டு என்று டூரினில் அளந்து காட்டியிருக்கிறார்கள். நோயாளிகளாக நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் இது எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், மூச்சு இலேசாகிவிட்டது என்று அவரே சொன்னாலும், டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்த விடாதீர்கள்.